"இனிமே காம்ப்ளையன்ஸை நீங்களே பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டாங்களா? எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு சொல்றேன்

பெரிய கம்பெனின்னா இதுக்குன்னு தனி டீம், தனி சாஃப்ட்வேர்னு எல்லாம் இருக்கும், நான் எழுதுறது அவங்களுக்கு இல்ல. நூறு இருநூறு பேர் இருக்கிற கம்பெனில அக்கவுண்ட்ஸ்லயோ ஹெச்ஆர்லயோ பேசாம தன் வேலைய பாத்துட்டு இருந்த ஒருத்தரை கூப்பிட்டு, "புது கிளையன்ட் ஜிஆர்சி டாக்குமெண்ட் கேக்குறான், ஏஐ பாலிசியும் வேணுமாம், நீங்கதான் பொறுமையா பண்ணுவீங்க"ன்னு எம்டி தலைல கட்டிடுவாரு பாருங்க, அவருக்குத்தான் இது. எனக்கும் அப்படி தலைல கட்டினதுதான். முதல் மாசம் நான் பண்ணின கூத்து என்னன்னா, நெட்ல இருந்து அறுபது பக்க பாலிசி ஒண்ணை இறக்கி, ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டு எங்க கம்பெனி பேரை மாத்தி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு அடுக்கி வெச்சேன். கிளையன்ட் ஆடிட்டர் வந்தாரு, புரட்டினாரு, நாப்பத்தி சொச்சமாவது பக்கத்துல ஃபுட்டர்ல வேற ஏதோ கம்பெனி பேரு அப்படியே இருந்துச்சு. மனுஷன் ஒண்ணும் சொல்லல, அந்த பக்கத்தோட மூலைய மட்டும் மடிச்சு வெச்சுட்டு அடுத்த கேள்விக்கு போயிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் அந்த மடிப்பு எனக்கு ஞாபகம் இருக்கு.

ஜிஆர்சின்னா கவர்னன்ஸ், ரிஸ்க், காம்ப்ளையன்ஸ். பயப்பட ஒண்ணுமில்ல, உங்க அபார்ட்மெண்ட் அசோசியேஷனை நெனச்சுக்கோங்க. செக்ல செக்ரட்டரி கையெழுத்து மட்டும் போதுமா ட்ரெஷரரும் போடணுமா, ஐம்பதாயிரத்துக்கு மேல செலவுன்னா மீட்டிங் கூட்டணுமா, இதெல்லாம் கவர்னன்ஸ். ஐப்பசி மழைக்கு பேஸ்மெண்ட்ல தண்ணி ஏறினா மோட்டார் எரிஞ்சிடும், அதனால மோட்டாரை மேல தூக்கி வெக்கலாமான்னு யோசிக்கிறது ரிஸ்க். லிஃப்ட் லைசென்ஸ் எப்ப முடியுது, ஃபயர் சிலிண்டர் எப்ப ரீஃபில் பண்ணணும், இது காம்ப்ளையன்ஸ். மூணும் பின்னிக்கிடக்கும். லைசென்ஸ் முடிஞ்சு ஆறு மாசம் ஆயிடுச்சுன்னா, பெரும்பாலும் அது யார் வேலைன்னு யாருக்குமே தெரிஞ்சிருக்காது. அதனால கீழ நான் எதைப் பத்தி எழுதினாலும் திரும்ப இந்த ஒரு கேள்விலதான் வந்து நிப்பேன்: "இதுக்கு யாரு?" பதில்ல ஒரு ஆளோட பேர் வரணும். "ஐடி டீம் பாத்துக்கும்"னு வந்தா யாரும் பாக்கலன்னு எடுத்துக்கோங்க.

முதல் வாரம்: என்னென்ன ஒத்துக்கிட்டிருக்கோம்னு தேடுங்க

டெம்ப்ளேட் எதையும் இறக்காதீங்க. ஒரு எக்செல் ஷீட் திறங்க. கம்பெனி யாருக்கெல்லாம் என்னென்ன செய்யக் கடமைப்பட்டிருக்குன்னு எழுதுங்க. அது மூணு இடத்துல இருந்து வரும்.

ஒண்ணு சட்டம். இதுல பாதி உங்க அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு மனப்பாடமா தெரியும்: டிடிஎஸ் 7ம் தேதி, பிஎஃப் ஈஎஸ்ஐ 15, மாசா மாசம் ஃபைல் பண்றவங்களுக்கு ஜிஎஸ்டிஆர் 1 11ம் தேதி, 3பி 20ம் தேதி, தமிழ்நாட்டுல தொழில் வரி அரையாண்டுக்கு ஒருக்கா. ஆர்ஓசி ஃபைலிங், அதாவது கம்பெனி பதிவாளர்கிட்ட குடுக்க வேண்டியது, கம்பெனி செக்ரட்டரிகிட்ட இருக்கும். பத்து பேரோ அதுக்கு மேலயோ இருந்தா போஷ் கமிட்டி, அதாவது வேலை செய்யற இடத்துல பாலியல் தொல்லை புகாரை விசாரிக்கிற கமிட்டி, இதை "நம்ம ஆபீஸ்ல அப்படியெல்லாம் நடக்காது"ன்னு சொல்லி விட்டுட்ட கம்பெனி நிறைய. 2023 ஏப்ரல் 1ல இருந்து அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்ல எடிட் லாக், அதாவது எந்த என்ட்ரிய எப்ப மாத்தினாங்கங்கிற பதிவு, ஆன்லயே இருக்கணும், அதை யாராலயும் ஆஃப் பண்ண முடியக்கூடாது, போய் நீங்களே திறந்து பாருங்க, "ஆமா ஆன்ல இருக்கு"ங்கிற வாய் வார்த்தைய நம்பாதீங்க.

ரெண்டாவது காண்ட்ராக்ட். இங்கதான் விஷயமே இருக்கு, ஏன்னா இதை கையெழுத்து போட்டவரைத் தவிர யாரும் படிச்சிருக்க மாட்டாங்க, பல சமயம் அவரும் படிச்சிருக்க மாட்டாரு. எல்லா கிளையன்ட் அக்ரிமெண்ட்டையும் எடுத்து வெச்சு நாலே நாலு விஷயத்தை மட்டும் தேடுங்க. டேட்டா லீக் ஆனா எத்தனை மணி நேரத்துக்குள்ள சொல்லணும், வேலைய வேற வெண்டருக்கு குடுக்கலாமா, டேட்டா எந்த நாட்டை விட்டு வெளில போகக்கூடாது, ஏஐ யூஸ் பண்றதுக்கு முன்கூட்டி எழுத்துல அனுமதி வாங்கணுமா. இந்த நாலாவது ஷரத்து இப்ப வர்ற அக்ரிமெண்ட்ல அடிக்கடி வருது, நம்மாளுங்க அதை பாக்காமலே கையெழுத்து போட்டுட்டு அதே கிளையன்ட்டோட ஃபைலை ஏஐக்கு குடுத்து சம்மரி எடுத்துட்டு இருப்பாங்க.

மூணாவது நாமளே வாய விட்டது. உங்க வெப்சைட்ல பிரைவசி பாலிசின்னு ஒண்ணு இருக்கும், "உங்கள் தகவலை 90 நாளில் அழித்துவிடுவோம்"னு எவனோ எழுதியிருப்பான், சர்வர்ல போய் பாத்தா ஏழு வருஷத்து டேட்டா அப்படியே கிடக்கும். அதையும் ஷீட்ல ஏத்துங்க.

ஒவ்வொரு வரிக்கும் கடமை என்ன, எப்ப, யாரு, அவர் லீவ்ல போனா யாரு, முடிச்சதுக்கு எவிடன்ஸ் எங்க இருக்கு. தேதி போடும்போது சட்டம் சொல்ற தேதிக்கு மூணு நாள் முன்னாடி ஒரு தேதி போட்டு அதையே கடைசி தேதின்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க, ஏன்னா 20ம் தேதி சாயந்தரம் போர்ட்டல் சுத்திட்டே இருக்கும்னு நான் சொல்லித்தான் உங்களுக்கு தெரியணுமா.

எவிடன்ஸ் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். சத்யம்ங்கிற ஐடி கம்பெனி விவகாரம் ஞாபகம் இருக்கா? 2009 ஜனவரி 7ம் தேதி அதோட சேர்மன் ராமலிங்க ராஜு போர்டுக்கு எழுதின லெட்டர்ல, கணக்குல காட்டின ரொக்கமும் பேங்க் பேலன்ஸும் 5,361 கோடி, அதுல 5,040 கோடி இல்லவே இல்லன்னு ஒத்துக்கிட்டாரு. போர்டு இருந்துச்சு, ஆடிட் கமிட்டி இருந்துச்சு, பெரிய பேர் எடுத்த ஆடிட்டர் இருந்தாங்க. அப்புறம் 2011ல அமெரிக்காவோட பங்குச் சந்தை கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்இசி அந்த ஆடிட் நிறுவனங்கள் மேல நடவடிக்கை எடுத்தப்ப சொன்ன முக்கியமான குறை என்னன்னா, பேங்க் பேலன்ஸை உறுதி பண்ற லெட்டரை ஆடிட்டரே நேரா பேங்க்குக்கு அனுப்பி நேரா வாங்காம, அதை கம்பெனி மேனேஜ்மெண்ட் கைல விட்டுட்டாங்கங்கிறதுதான். இதுல இருந்து நம்ம சின்ன ஆபீஸுக்கு எடுத்துக்க வேண்டியது, யாரை செக் பண்றீங்களோ அவர் கையால எவிடன்ஸ் வாங்காதீங்க. பேக்கப் எடுத்தாச்சான்னு ஐடி ஆள்கிட்ட ஸ்க்ரீன்ஷாட் கேக்காதீங்க, பக்கத்துல உக்காந்து "போன செவ்வாக்கிழமை பேக்கப்ல இருந்து இந்த ஒரு ஃபைலை மட்டும் எனக்கு எடுத்துக் காட்டுங்க தம்பி"ன்னு கேளுங்க. முதல் தடவை கேட்டப்ப எங்க ஆபீஸ்ல அதுக்கு ரெண்டரை நாள் ஆச்சு.

யார் முடிவெடுக்கலாம்னு ஒரே பக்கம்

இதை சீக்கிரமா முடிச்சிடலாம். எவ்வளவு ரூபா வரைக்கும் யார் ஓகே பண்ணலாம், புது வெண்டரை யார் சேக்கலாம், வெண்டரோட பேங்க் அக்கவுண்ட் நம்பரை யார் மாத்தலாம், கிளையன்ட் டேட்டாவை வெளில அனுப்ப யார் சரி சொல்லணும், புது சாஃப்ட்வேர் வாங்க யார்கிட்ட கேக்கணும். ஒரே பக்கம், எம்டி கையெழுத்து. பேமெண்ட் என்ட்ரி போடுறவரும் ரிலீஸ் பண்றவரும் ஒரே ஆளா இருக்கக்கூடாது, சின்ன கம்பெனில ஆள் பத்தலன்னு இதை விட்டுடுவாங்க, ஆள் இல்லன்னா எம்டியே ரிலீஸ் பண்ணட்டும், அவருக்கு வாரத்துக்கு இருபது நிமிஷம் கூட ஆகாது.

அப்புறம் கூப்பிட்டு கேக்குற பழக்கம். 2024 ஆரம்பத்துல வெளில வந்த ஆரப் கேஸ் படிச்சிருப்பீங்க, பிரிட்டன் இன்ஜினியரிங் கம்பெனி, அதோட ஹாங்காங் ஆபீஸ்ல ஒரு ஊழியர் வீடியோ கால்ல சிஎஃப்ஓ (நிதிப் பிரிவுத் தலைவர்), கூட வேலை பாக்குறவங்க எல்லாரையும் பாத்துட்டு பணம் அனுப்பிட்டாரு, கால்ல இருந்த அத்தனை பேரும் டீப்ஃபேக், அதாவது ஏஐ வெச்சு செஞ்ச போலி முகமும் குரலும், போனது ஏறக்குறைய 20 கோடி ஹாங்காங் டாலர். முதல்ல வந்த மெயில் மேல அவருக்கு சந்தேகம் வந்துச்சாம், வீடியோல முகத்தைப் பாத்ததும் சந்தேகம் போயிடுச்சு. அதனால ரூல்ல "எம்டி முகத்தைப் பாத்தாலும் சரி, குரலைக் கேட்டாலும் சரி, அக்கவுண்ட் நம்பர் மாறுதுன்னா நம்மகிட்ட ஏற்கனவே இருக்கிற நம்பருக்கு நாமளே கூப்பிட்டு கேக்கணும்"னு எழுதுங்க. கேட்டதுக்காக எம்டி கோச்சுக்க மாட்டேன்னு அவர் வாயாலயே மீட்டிங்ல சொல்ல வெச்சிடுங்க, அது இல்லாம இந்த ரூல் ஏட்டுச் சுரைக்காய்தான்.

ரிஸ்க் ரிஜிஸ்டர்: ஒரு வரி எழுதக் கத்துக்கிட்டா போதும்

ரிஸ்க் ரிஜிஸ்டர்னா கம்பெனிக்கு என்னென்ன ஆபத்து வரலாம்னு வரிசையா எழுதி வெக்கிற ஷீட். பெரும்பாலான ரிஜிஸ்டர்ல வரி இப்படி இருக்கும்: "சைபர் ரிஸ்க், ஹை, ஐடி டீம், வேலை நடந்துட்டிருக்கு." இதை வெச்சு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. எதனால, என்ன நடக்கும், நடந்தா எங்க வலிக்கும்னு மூணும் ஒரே மூச்சுல வரணும். மாதிரிக்கு ஒண்ணு:

"வேலைய விட்டுப் போறவங்க பத்தி ஹெச்ஆர் ஐடிக்கு வாட்ஸ்அப்ல சொல்றாங்க, சில சமயம் மறந்துடுறாங்க, அதனால பழைய ஆளோட லாகின் வாரக்கணக்குல திறந்து கிடக்கு, அதை வெச்சு அவங்க கிளையன்ட் டேட்டாவை எடுத்துட்டா காண்ட்ராக்ட் போயிடும். பொறுப்பு: ஹெச்ஆர் மேனேஜர். என்ன பண்றோம்: லாகின் க்ளோஸ் ஆன டிக்கெட் நம்பர் இல்லாம கடைசி சம்பள செட்டில்மெண்ட் போகாது. எப்ப முடியும்: மார்ச் 31. சரியாயிடுச்சுன்னு எப்படி தெரியும்: மாசக் கடைசில பே ரோல் லிஸ்ட்டையும் லாகின் லிஸ்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா ஒரு பேர் கூட கூடுதலா இருக்கக்கூடாது."

இதுல பொறுப்பு ஐடிக்கு போகாம ஹெச்ஆருக்கு போனதை கவனிங்க. ஆள் போறது முதல்ல தெரியறது அவங்களுக்குத்தான். இந்த மாதிரி பதினஞ்சு இருபது வரி போதும், நூத்தி அம்பது வரி எழுதினா அடுத்த வருஷம் ஆடிட்டுக்கு முந்தின நாள் ராத்திரிதான் மறுபடி திறப்பீங்க.

ஸ்கோர் போடுறதுல ஒரு குழி இருக்கு. நடக்குற வாய்ப்பு 1ல இருந்து 5, பாதிப்பு 1ல இருந்து 5, ரெண்டையும் பெருக்குன்னு எல்லா டெம்ப்ளேட்டும் சொல்லும். காபி மெஷின் வாராவாரம் ரிப்பேர் ஆகும், வாய்ப்பு 5 பாதிப்பு 1, மொத்தம் 5. ரேன்சம்வேர் (ஃபைலை பூட்டிட்டு பணம் கேக்குற வைரஸ்) வந்து பேக்கப்போட சேத்து எல்லாம் போகும், வாய்ப்பு 1 பாதிப்பு 5, அதுவும் 5. ஷீட்டைப் பொறுத்தவரை ரெண்டும் ஒண்ணுதான்! அதனால பாதிப்பு 5ன்னு வந்த எதையும் பெருக்காம தனியா எடுத்து மேல வெச்சு பேசுங்க. ஸ்கோருக்காக ஒரு மணி நேரம் சண்டை போடுற மீட்டிங் நடந்தா நிறுத்திட்டு "சரி, இதுக்கு யாரு, எப்ப"ன்னு கேளுங்க.

இப்ப ஏஐ

நிறைய பேர் இங்க நேரா பாலிசி எழுத உக்காருவாங்க. யாரு எதை யூஸ் பண்றாங்கன்னே தெரியாம என்ன பாலிசி எழுதுவீங்க? முதல்ல கணக்கெடுக்கணும், அதுக்கு மெயில்ல ஃபார்ம் அனுப்பினா எல்லாரும் "யூஸ் பண்றதில்ல"ன்னுதான் நிரப்புவாங்க, ஏன்னா வேலைக்கு ஆபத்துன்னு பயம். நான் ஃபார்மை தூக்கிப் போட்டுட்டு, எம்டிகிட்ட "இந்த மாசம் சொல்றவங்க மேல எந்த ஆக்‌ஷனும் கிடையாது"ன்னு ஒரு மெயில் வாங்கிட்டு, டீ டைம்ல ஒவ்வொரு டீம் பக்கமா போய் உக்காந்தேன். ஹெச்ஆர்ல ஒரு பொண்ணு, "அக்கா, சொன்னா திட்ட மாட்டீங்களே?"ன்னு கேட்டுட்டு காட்டிச்சு. வர்ற ரெஸ்யூமை எல்லாம் ஃப்ரீ அக்கவுண்ட்ல ஏத்தி "டாப் பத்து பேரை எடு"ன்னு கேட்டுட்டு இருந்திருக்கு, ஃபோன் நம்பர், அட்ரஸ், ஒண்ணு ரெண்டுல ஆதார் காப்பி உட்பட. அது மேல தப்பு சொல்ல மாட்டேன், ஒரு நாளைக்கு 200 ரெஸ்யூம் படின்னு சொன்ன நாங்க வேற வழி எதுவும் குடுக்கல.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கிறதும் இல்ல. 2023ல சாம்சங்ல இன்ஜினியருங்க கம்பெனி சோர்ஸ் கோடை சாட்ஜிபிடில போட்டுட்டாங்கன்னு தெரிஞ்சு, அந்த வருஷம் மே மாசம் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இந்த மாதிரி டூலுக்கே தடை போட்டாங்க. சின்ன கம்பெனில தடை போட்டா வேலை நிக்காது, அப்படியே அவங்க சொந்த ஃபோனுக்கு போயிடும், அங்க உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. ஒழுங்கா காசு கட்டி, நம்ம டேட்டாவை ஏஐக்கு கத்துக்குடுக்க எடுக்க மாட்டோம்னு எழுத்துல குடுக்கிற ஒரு பிசினஸ் பிளான் வாங்கிக் குடுத்துட்டு அப்புறம் ரூல் பேசுங்க.

ஆளுங்க சொல்றது பாதிதான். மீதி, நீங்க ஏற்கனவே வாங்கி வெச்ச சாஃப்ட்வேருக்குள்ள ஒளிஞ்சிருக்கும். மீட்டிங் ஆப்ல நோட்ஸ் எடுக்கிற ஏஐ ஒரு அப்டேட்ல தானா வந்து உக்காந்திருக்கும், ஹெச்ஆர் சாஃப்ட்வேர் கேண்டிடேட்டுக்கு மார்க் போட ஆரம்பிச்சிருக்கும், கால் சென்டர் டூல் ஏஜென்ட் குரல்ல கோவம் இருக்கா சோர்வு இருக்கான்னு பாத்துட்டு இருக்கும். இந்த கடைசி ஐட்டம்ல ஜாக்கிரதை: ஐரோப்பிய யூனியன் ஏஐ சட்டப்படி வேலை செய்யற இடத்துல ஊழியரோட உணர்ச்சிய ஏஐ வெச்சு கணிக்கிறது, மருத்துவம் பாதுகாப்பு காரணம் தவிர, 2025 பிப்ரவரி 2ல இருந்து தடை. அந்த சட்டம் சிஸ்டத்தோட ரிசல்ட் ஐரோப்பாவுக்குள்ள யூஸ் ஆச்சுன்னா வெளிநாட்டு கம்பெனியையும் பிடிக்கும், தடை பண்ணினதை செஞ்சா அபராதம் 3.5 கோடி யூரோ வரைக்கும் இல்லன்னா உலக டர்ன்ஓவர்ல 7 சதவீதம் வரைக்கும், பெரிய கம்பெனின்னா எது அதிகமோ அது, சின்ன கம்பெனின்னா எது குறைவோ அது. உங்களுக்கு ஐரோப்பிய கிளையன்ட் இருந்தா லீகல் ஆள்கிட்ட கேக்காம அந்த பட்டனை ஆன் பண்ணாதீங்க.

கணக்கெடுத்ததை ஒரு ஷீட்ல போடுங்க: டூல் பேரு, யாரு எதுக்கு யூஸ் பண்றாங்க, உள்ள என்ன டேட்டா போகுது, தப்பா சொன்னா அடி யாருக்கு, வெளில போறதுக்கு முன்னாடி யார் பாக்குறா, பொறுப்பு யாரு, நாளைக்கே நிறுத்தணும்னா எப்படி. கடைசி கட்டத்தை நிறைய பேர் விட்டுடுவாங்க. அதை நிரப்ப முடியலன்னா அந்த டூலை நம்பி நீங்க ரொம்ப தூரம் போயிட்டீங்கன்னு அர்த்தம்.

அப்புறம் கலர் அடிங்க. மெயில் இங்கிலீஷ் திருத்துறது, பப்ளிக்கா இருக்கிற விஷயத்தை சுருக்குறது பச்சை, யாரையும் கேக்க வேணாம். கிளையன்ட் டேட்டா, சாஃப்ட்வேர் கோடு, கஸ்டமருக்கு போற பதில் எல்லாம் மஞ்சள், மேனேஜர் ஓகேவும் அங்கீகரிச்ச டூலும் வேணும். ஒரு மனுஷனுக்கு வேலை கிடைக்குமா, ப்ரமோஷன் வருமா, லோன் கிடைக்குமான்னு தீர்மானிக்கிற எதுவும் சிவப்பு, எம்டி கையெழுத்து இல்லாம ஆரம்பிக்கக்கூடாது. ஐரோப்பிய சட்டத்துலயும் ஆள் எடுக்க யூஸ் பண்ற ஏஐ ஹை ரிஸ்க் லிஸ்ட்லதான் இருக்கு.

நம்ம நாட்டுல ஏஐக்குன்னு தனியா ஒரே சட்டம்னு எதுவும் போடல, 2025 நவம்பர்ல மத்திய ஐடி அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு, ரிசர்வ் பேங்க் போட்ட கமிட்டி அதே வருஷம் ஆகஸ்ட்ல நிதி நிறுவனங்களுக்கு 26 பரிந்துரை குடுத்துச்சு. ஆனா ஏஐக்குள்ள போற டேட்டாவுக்கு சட்டம் இருக்கு: 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம், டிபிடிபின்னு சொல்வாங்க. ரூல்ஸ் 2025 நவம்பர்ல வந்துச்சு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம் குடுத்திருக்காங்க. பாதுகாப்பு ஏற்பாட்டுல கோட்டை விட்டா அபராதம் 250 கோடி வரைக்கும். சம்மதம் கேக்குற நோட்டீஸை இங்கிலீஷ்லயோ தமிழ் உட்பட எட்டாவது அட்டவணைல இருக்கிற 22 மொழில எதுலயோ படிக்கிற வசதி குடுக்கணும்னு அதுல இருக்கு, உங்க ஆப்ல தமிழ் நோட்டீஸ் இல்லன்னா இப்பவே எழுத ஆரம்பிங்க, கடைசி வாரத்துல மெஷின் ட்ரான்ஸ்லேஷன் போட்டு "குக்கீகளை சாப்பிட ஒப்புக்கொள்கிறேன்"னு வந்து நிக்கப் போகுது.

டெஸ்ட் பண்ணாம வெளில விடாதீங்க

ஏர் கனடாவோட சாட்பாட், பாட்டி இறந்து போன ஒருத்தருக்கு, டிக்கெட் எடுத்துட்டு அப்புறம் கூட துக்கச் சலுகை கேட்டுக்கலாம்னு தப்பா சொல்லிடுச்சு. கம்பெனி தர மாட்டேன்னுச்சு. கேஸ்ல அவங்க வெச்ச வாதம், சாட்பாட் தனி சட்ட நபர், அது பேசினதுக்கு அதுதான் பொறுப்புங்கிற மாதிரி போச்சு. பிரிட்டிஷ் கொலம்பியா ட்ரிப்யூனல் 2024 பிப்ரவரில அதை ஏத்துக்கல, வெப்சைட்ல இருக்கிற எதுக்கும் கம்பெனிதான் பொறுப்புன்னு சொல்லி 812 கனடா டாலர் சொச்சம் குடுக்க சொல்லிடுச்சு. தொகை சின்னதுதான், உலகம் முழுக்க அவங்க பேர் அடிபட்டதுக்கு விலை போட முடியாது.

அதனால சாட்பாட் விடுறதுக்கு முன்னாடி கஸ்டமர் கேர்ல ரொம்ப நாள் இருக்கிற ஆளை உக்கார வெச்சு, கஸ்டமர் நிஜமாவே எப்படி கேப்பாங்களோ அப்படி முப்பது நாப்பது கேள்வி எழுத சொல்லுங்க. "ரீஃபண்ட் எப்ப வரும்"னு நல்லா கேக்குற கேள்வி மட்டும் பத்தாது, "அண்ணே காசு இன்னும் வர்ல, போன தடவ பேசுன அக்கா மூணு நாள்னாங்க, இப்ப என்ன பண்றது"ன்னு வர்றதும் இருக்கணும். சரியான பதில் என்னன்னு பக்கத்துல எழுதி வெச்சுட்டு ஓட்டுங்க. வெண்டர் உள்ள இருக்கிற ஏஐ மாடலை மாத்தினா திரும்ப அதே லிஸ்ட்டை ஓட்டுங்க, நேத்து வரைக்கும் சரியா சொன்னது இன்னைக்கு மாறியிருக்கும்.

ரெஸ்யூம் டூலுக்கு இன்னும் சுலபமான சோதனை இருக்கு. ஒரே ரெஸ்யூமை எடுத்து பேரை மட்டும் மாத்துங்க, ஆண் பேர் பெண் பேர், காலேஜை சென்னைல இருந்து சின்ன ஊருக்கு மாத்துங்க, குழந்தைக்காக ரெண்டு வருஷம் இடைவெளின்னு ஒரு வரி சேருங்க, மார்க் மாறுதான்னு பாருங்க. அமேசான் உள்ளுக்குள்ள செஞ்சு பாத்த டூல் ஒண்ணு பழைய பத்து வருஷ ரெஸ்யூமைப் படிச்சு, பெண்கள்ங்கிற வார்த்தை வந்தாலே மார்க் குறைச்சுதுன்னு 2018ல ராய்ட்டர்ஸ்ல வந்துச்சு, அந்த ப்ராஜெக்டையே மூடிட்டாங்க. அவங்ககிட்ட இல்லாத ஆளா!

"கடைசில மனுஷன் பாக்குறாருல்ல"ன்னு வெண்டர் சொல்வாரு. பாக்குறாரான்னு அளந்து பாருங்க. ஏஐ சொன்னதை அந்த மனுஷன் மாசத்துக்கு எத்தனை தடவை மாத்தியிருக்காருன்னு எண்ணுங்க, மூணு மாசமா பூஜ்யம்னா ஓகே பட்டனை அமுக்கிட்டு இருக்காருன்னு அர்த்தம். நடுநடுவுல தெரிஞ்சே ஒரு தப்பான கேஸை உள்ள விட்டு பிடிக்கிறாரான்னு பாருங்க, அவர்கிட்ட முன்னாடியே "இப்படி அப்பப்ப விடுவோம்"னு சொல்லிடுங்க, இல்லன்னா உளவு பாக்குறாங்கன்னு மனசு கஷ்டப்படுவாரு. கிளையன்ட்டுக்கு போற ரிப்போர்ட்ல ஏஐ கை இருந்தா சொல்லிட்டு குடுங்க, மேற்கோள் ஒவ்வொண்ணையும் மூலத்தை திறந்து பாக்க ஒரு ஆள் போடுங்க: 2025 அக்டோபர்ல டெலாய்ட் ஆஸ்திரேலியா, அந்த நாட்டு அரசுக்கு குடுத்த ரிப்போர்ட்ல இல்லாத ஆராய்ச்சிக் கட்டுரைய எல்லாம் மேற்கோள் காட்டியிருந்ததால 4.4 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் காண்ட்ராக்ட்ல ஒரு பகுதிய திருப்பிக் குடுக்க வேண்டியதா போச்சு.

இதெல்லாம் ஆனதுக்கு அப்புறம் ஏஐ பாலிசி எழுதுங்க. ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள படிச்சு முடிக்கணும், தமிழ்லயும் இருக்கணும். கிளையன்ட் ஐஎஸ்ஓ 42001 பத்தி கேட்டா பதறாதீங்க, அது 2023 டிசம்பர்ல வந்த ஏஐ மேனேஜ்மெண்ட் ஸ்டாண்டர்டு, நீங்க மேல பண்ணினதுல கணிசமான பங்கு அதுக்குள்ள போய் உக்காரும்.

ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன் வந்தா

சைபர் சம்பவம்னா மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள்ள சொல்லணும், 2022 ஏப்ரல் 28ம் தேதி உத்தரவு, நீங்க கண்டுபிடிச்ச நேரத்துல இருந்து அல்லது உங்களுக்கு தெரிய வந்த நேரத்துல இருந்து. ஏஐ சிஸ்டம் மேல நடக்கிற தாக்குதலும் அந்த லிஸ்ட்ல இருக்கு. சிஸ்டத்துல என்னென்ன நடந்துச்சுங்கிற பதிவை, அதாவது லாகை, 180 நாளைக்கு வெச்சிருக்கணும்னும் அதுலயே இருக்கு. மேல சொன்ன 18 மாச அவகாசம் முடிஞ்சதும், டிபிடிபி ரூல்ஸ்படி தனிநபர் டேட்டா லீக்குன்னா பாதிக்கப்பட்டவங்களுக்கும் அரசோட தரவு பாதுகாப்பு போர்டுக்கும் தாமதமில்லாம சொல்லிட்டு, 72 மணி நேரத்துக்குள்ள அந்த போர்டுக்கு விவரமா குடுக்கணும். காண்ட்ராக்ட்ல கிளையன்ட் 24 மணி நேரம்னு போட்டிருப்பான். ஆறு மணி நேரத்துல பாதி, எம்டிய எழுப்பலாமா வேணாமான்னு யோசிக்கறதுலயே போயிடும். அதனால இப்பவே ஒரு தாள்ல எழுதுங்க: யார் யாரை எழுப்பணும், நம்பர் என்ன, ரிப்போர்ட் ஃபார்ம்ல எந்தெந்த கட்டம் முன்னாடியே நிரப்பி வெக்கலாம், கிளையன்ட்கிட்ட யார் மட்டும் பேசலாம். அந்த தாளை சர்வர்ல வெக்காதீங்க, சர்வரே போச்சுன்னா எங்க போய் படிப்பீங்க, பிரிண்ட் எடுத்து வீட்டுல ஒண்ணு வைங்க. வருஷத்துக்கு ஒரு தடவை சனிக்கிழமை காலைல சொல்லாம கொள்ளாம கூப்பிட்டு ஒத்திகை பாருங்க, எங்க முதல் ஒத்திகைல ஐடி ஹெட் கல்யாண மண்டபத்துல நாதஸ்வரத்துக்கு நடுவுல "என்னது? என்னது?"ன்னு கத்திட்டு இருந்தாரு, அவருக்கு பதிலா யாருங்கிற கட்டம் காலியா இருந்ததே அப்பதான் தெரிஞ்சுது.

கம்பெனி போர்டுக்கு என்ன காட்டணும்

மூணு மாசத்துக்கு ஒரு தடவை, ஒரே பக்கம். எது தேதி தாண்டிடுச்சு, எந்த ரிஸ்க் மோசமாச்சு, புதுசா எந்த ஏஐ சிவப்புல வந்துச்சு, எதுக்கு உங்க முடிவு வேணும். எல்லாம் பச்சையா இருக்கிற ஸ்லைடை கொண்டு போனா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, அது நல்ல மீட்டிங்னு நெனச்சுக்காதீங்க. கேட்டதையும் சொன்னதையும் மினிட்ஸ்ல ஏத்துங்க.

கடைசியா எல்லாரும் மாட்டிக்கிற இடம். நீங்க ஒரு ரிஸ்கை கொண்டு போய் வெப்பீங்க, எம்டி "அதெல்லாம் பாத்துக்கலாம்பா, இப்ப பட்ஜெட் இல்ல"ம்பாரு. வாக்குவாதம் பண்ணாதீங்க, ரிஸ்கை தெரிஞ்சே ஏத்துக்கிறது அவரோட உரிமை. ஆனா அதை எழுத்துல ஏத்துக்கணும். நான் ஒரு அரைப் பக்க ஃபார்ம் வெச்சிருக்கேன். பழைய லாகின் விஷயம் அப்படித்தான் ரெண்டு காலாண்டா தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. மூணாவது தடவை அந்த ஃபார்ம்ல, "வேலைய விட்டுப் போனவர்கள் நம் கிளையன்ட்டின் டேட்டாவை இன்றைக்கும் திறந்து பார்க்க முடியும் என்பதைத் தெரிந்தே ஆறு மாதத்துக்கு இப்படியே விட ஒப்புக்கொள்கிறேன்"னு எழுதி, கீழ அவர் பேரும் தேதியும் போட்டு, பேனாவோட நீட்டினேன். ரெண்டு தடவை படிச்சாரு. பேனாவை மூடி வெச்சுட்டு, "ஹெச்ஆரையும் ஐடியையும் உள்ள வரச் சொல்லுங்க"ன்னாரு.